கொட்டங்குளங்கரைக்கு ஒரு பிரயாணம்

சென்னை எழும்பூரில் மாலையில் புறப்பட்டு, மதுரை, விருதுநகர், ராஜபாளையம், தென்காசி என்று தெற்கே இறங்கி, செங்கோட்டைக்கு அப்பால் மலையேறிக் கொல்லத்துக்குப் போய்ச் சேருகிற ரயிலை, கேரளத்துக்கு விரைந்து போக நினைப்பவர்கள் பெரும்பாலும் நாடுவதில்லை. எனக்கோ அந்தச் சாவகாசமே வேண்டியிருந்தது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்ட ஒரு நாளில், அலுவலகத்திலிருந்து நேரே ரயிலடிக்குப் போய், பகல் முழுதும் உடுத்தியிருந்த காலர்ச் சட்டையோடு பெட்டியில் ஏறி அமர்ந்தேன். செங்கல்பட்டைக் கடந்ததும் தோள்பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய், முழங்கால் வரை நீண்ட அவுரி நீலக் கைத்தறிக் குர்த்தாவுக்கும், இடுப்பில் சற்று ஏறி நிற்கும் பெண்கள் கால்சராய்க்கும் மாறிக்கொண்டு வந்தேன். ஆண் என்றும் பெண் என்றும் பலகை தொங்காத பொதுக் கழிவறையை நான் ரயில் பெட்டியில்தான் கண்டிருக்கிறேன்; அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை, இரண்டு கதவுகளுக்கு முன்னால் நின்று எதைத் தள்ளுவது என்று ஒரு கணமேனும் கலங்கியவர்களே அறிவார்கள்.

பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்ட நான், பெண் என்பதை உள்ளூர அறிந்து, மருத்துவரின் மேற்பார்வையில் ஹார்மோன் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. அந்தச் சிகிச்சை ஒரு நாளில் ஒருவரை உருமாற்றிவிடுவதில்லை. முதல் சில மாதங்களில் சருமம் மிருதுவாகும். மார்பில் நோவு கண்டு சிறிது சிறிதாக வளர்ச்சி தோன்றும். உடம்பின் கொழுப்பு இடம் மாறி அமைவதற்கு வருஷங்கள் பிடிக்கும். குரலை அது மாற்றுவதே இல்லை. தாடியோ மருந்துக்கு எளிதில் கட்டுப்படாமல், லேசராலோ மின்னூசியாலோ பல தடவை வேரறுத்தால்தான் அடங்கும். இப்படி உடம்பு தன் கதியில் போய்க்கொண்டிருக்க, உடை மட்டும் ஒரே தாவலில் கரை சேர வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. குளத்தில் இறங்குகிறவர் படிப்படியாக நீருக்குள் போவது போல நானும் போனேன்.

முதற்படி மீசை. வேறு தேசங்களில் அது ஒரு பொருட்டாகவே இராது. நம் ஊரில் மீசையை எடுத்த மறுநாள் காலையில் பால்காரர் முதல் மேலதிகாரி வரை எல்லோரும் காரணம் கேட்டார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. அவள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தாவின் படத்தைக் காட்டி, "அவர்கூட மீசை வெச்சுக்கல" என்றாள். அந்தப் படத்தில் தாத்தா குடுமியோடும், இரு காதிலும் சிவப்புக்கல் கடுக்கனோடும், வழவழத்த முகத்தோடும், தோளில் அங்கவஸ்திரத்தோடும் இருக்கிறார். இரண்டு தலைமுறைக்கு முன்னால் நம் ஆடவர் கூந்தல் வளர்த்தார்கள், காது குத்திக்கொண்டார்கள், சந்தனம் பூசினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இன்று நாம் காணும் கறாரான உடைவேலி பல இடங்களில் அண்மைக் காலத்தில் போடப்பட்டதுதான். காது குத்திக்கொள்ள எனக்கு அந்தப் படமே அனுமதிச் சீட்டாயிற்று.

காதுக்குப் பிறகு புருவம்: மெலிதாக்கிவிடாமல், கீழோரத்தில் சிதறிய மயிரை மட்டும் களைந்தால், முகம் திறந்துகொள்கிறதேயன்றி யாருக்கும் காரணம் புலப்படுவதில்லை. அதன் பிறகு சட்டை. பெண்கள் சட்டையில் பொத்தான்கள் அணிபவரின் இடப்பக்கத்தில் தைக்கப்பட்டிருக்கும். ஆண்கள் சட்டையில் வலப்பக்கம். பெண்கள் சட்டையை வாங்கி, அகன்ற என் தோளுக்குத் தக்கபடி தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்துத் தைக்கவைத்து, அலுவலகத்துக்கு முதன்முதலில் அணிந்து போன நாளில், இடப்பக்கத்துப் பொத்தானைக் கவனித்தவர் ஒருவரும் இல்லை. நான் ஒருத்தி மட்டும் அன்று முழுதும் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளை அகட்டிக் காட்டுகிற படகுக் கழுத்தை விலக்கிச் சற்றே கீழிறங்கும் கூர்க்கழுத்தைத் தேர்ந்துகொள்வது, மார்பின் புது மாற்றத்தைத் துருத்தாமல் காக்க உள்ளே மென்மையான பனியனும் மேலே தளர்ந்த நெசவும் அணிவது, தொடையோரம் வெட்டுவிட்ட நேர்க்குர்த்தாவினால் இடுப்புக்கு ஒரு வடிவம் வரவழைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றேன். இவை ஒளிந்துகொள்ளும் தந்திரங்கள் என்று சிலர் கருதுகிறார்கள். என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. இரு பாலாருக்கும் பொதுவான இந்த உடையில்தான், என் ஆயுளில் முதல் முறையாக, கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தேன்.

விழுப்புரத்தில் அக்கா ஏறினார். அவர் திருநங்கை, வயதிலும் வாழ்விலும் எனக்கு மூத்தவர். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர், இந்த வருஷம் பங்குனியிலேயே என்னோடு கேரளத்துக்கு வர இசைந்திருந்தார். பச்சைப் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து எதிரே அமர்ந்து, என் குர்த்தாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் இந்த ஜிப்பாவ விடலியாடி நீ?" என்றார்.

"விடறதுக்கு இல்லக்கா, எனக்கு இது பிடிச்சிருக்கு."

"நாங்கல்லாம் இப்படி மெள்ள மெள்ள வரல. ஒரு ராத்திரியில வீட்டை விட்டு ஓடினோம், பம்பாய்க்குப் போனோம், புடவை கட்டினோம். நடுவுல நிக்கிறவள யாரு பொண்ணுன்னு நம்புவா?"

"நம்பறதுக்கு அவங்களுக்கு நாள் வேணும்னா எடுத்துக்கட்டும். எனக்கு வீட்டை விட்டு ஓடாம இருக்கணும்க்கா."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தாம் அப்படி நடுவில் நின்றிருந்தால் அந்தக் காலத்தில் நின்ற இடத்திலேயே அடி விழுந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து எனக்கு இட்லி எடுத்து வைத்தார். அக்காவின் தலைமுறை, புடவைக்கு விலையாக வீட்டையும் படிப்பையும் வேலையையும் சேர்த்துக் கொடுத்த தலைமுறை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த உரிமையை நான் இன்று அனுபவிப்பதற்கு அவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம் என்பதை எண்ணும்போது, அக்காவின் கேள்வியில் எனக்குக் கோபம் எழவில்லை.

செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவை நோக்கி ரயில் ஏறத் தொடங்கியபோது பொழுது புலர்ந்தும் புலராமலும் இருந்தது. 1904-இல் மீட்டர்ப் பாதையாகத் திறக்கப்பட்ட இந்த மலை வழி, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மறுபடியும் முழுவதும் திறந்தது. குகைகளின் இருளும், அடுத்தடுத்து வரும் பள்ளத்தாக்கின் பசுமையும், தென்மலைக்கு அருகில் பதின்மூன்று கண் கொண்ட கற்பாலமும், அதன் கீழே வளைந்து போகும் நெடுஞ்சாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ராஜபாளையத்தில் ஏறியிருந்த ஒரு பாட்டி, சன்னலோரத்தில் என் பக்கத்தில் அமர்ந்து, பாலத்தைப் பார்ப்பதை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேள்விக்குத் தயாரானேன். அவளோ, "கண்ணு மை கீழ வழிஞ்சிருக்கு, தொடச்சுக்க" என்று சொல்லித் தன் முந்தானையின் நுனியை நீட்டினாள். நான் துடைத்துக்கொண்டேன். அவள் மறுபடியும் பாலத்தைப் பார்க்கத் திரும்பினாள்.

கொல்லத்தில் தங்குமிடத்தில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். அதில் நான் மீசையோடு இருக்கிறேன். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க, எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அக்கா முன்னால் வந்து நின்றதும் அவர் பேசாமல் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். 2014 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் உச்ச நீதிமன்றத்தில் அளித்த தீர்ப்பு, தம் பாலினம் இன்னதென்று தாமே நிர்ணயித்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், சொல்லாலும் உடையாலும் நடத்தையாலும் அந்தப் பாலினத்தை வெளிப்படுத்துவதும் அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு காக்கும் பேச்சுரிமையைச் சேர்ந்ததே என்று கூறிற்று. கேரளம் 2015-இல் திருநர்களுக்கென்று தனிக் கொள்கையையும் வகுத்தது. இத்தனையும் இருந்தும், ஒரு பதிவேட்டுக்கு முன்னால் நிற்கிற அரை நிமிஷத்தில் துணைக்கு வருவது பக்கத்தில் நிற்கும் மனுஷிதான்.

சாயங்காலம், கொட்டங்குளங்கரை கோயில் இருக்கும் சவறாவுக்குப் பஸ் ஏறினோம். நீண்டகரைத் துறைமுகத்துப் பாலத்தைக் கடக்கையில் மீன்பிடிப் படகுகள் அணிவகுத்து நிற்பதும், அதற்கு அப்பால் கடலோரத்தில் இல்மனைட் கலந்த கருமணல் பளபளப்பதும் தெரிந்தன. ஆனால் என் கண் வழி நெடுகச் சென்றது உடையின் மேல்தான். இந்நாட்டில் ஆண் உடுத்துவது முண்டு. பெண் சம்பிரதாயமாக உடுத்துவதும் முண்டும் நேரியதும். வெள்ளை ஒன்று, கசவுக்கரை ஒன்று, இடுப்பில் சுற்றுகிற முறையிலும் பெரிய பேதம் இல்லை. தோளில் ஒரு துண்டு வந்து விழுந்தால் அது பெண்ணுடை, விழாவிட்டால் ஆணுடை. பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி அமர்ந்திருந்தார்கள். அவர்கள் இருவருடைய மடியையும் பார்த்து யார் கணவர், யார் மனைவி என்று சொல்ல முடியாது. பொதுவுடையைத் தேடி நான் சென்னைக் கடைகளில் அலைந்துகொண்டிருக்க, இங்கே ஒரு தேசமே அதைத் தறியில் நெய்து வைத்திருக்கிறது.

கொட்டங்குளங்கரை தேவி கோயிலின் ஐதிகம், மாடு மேய்த்த சிறுவர்களைப் பற்றியது. காட்டில் கிடந்த ஒரு கல்லின் மேல் அவர்கள் தேங்காயை உடைக்கப் போக, கல்லிலிருந்து ரத்தம் கசிந்தது. பிரசன்னம் பார்த்துத் தேவியின் சாந்நித்தியம் உள்ள கல் என்று தெரிந்ததும், அந்தச் சிறுவர்களே பெண் வேடம் புனைந்து முதல் பூஜையைச் செய்தார்கள் என்பார்கள். அதன் வழியாகவே மலையாள மீன மாதத்தின் 10-ஆம், 11-ஆம் இரவுகளில், ஆடவர்கள் பெண்ணலங்காரம் பூண்டு ஐந்து திரி விளக்கேந்தித் தேவியை எதிர்கொள்ளும் சமய விளக்குத் திருவிழா நடக்கிறது. மலையாளத்தில் சமயம் என்பது ஒப்பனை. வேலை கிடைக்க, நோய் தீர, குடும்பத்தில் ஒரு கஷ்டம் விலக என்று நேர்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். திருநங்கைகளும் பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். நாங்கள் போய் இறங்கிய அந்தி வேளையில், பட்டுப் பாவாடையும் வளையலும் அணிந்த சின்னஞ்சிறு பையன்களைத் தகப்பன்மார் தோளில் தூக்கிக்கொண்டு வலம் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் குஞ்சலம் அவிழ்ந்து தொங்க, அவன் தகப்பனார் அதைப் பல்லால் கடித்து இறுக்கி முடிந்துவிட்டார்.

கோயிலைச் சுற்றிலும் ஒப்பனைக் கொட்டகைகள். குழல் விளக்குகளுக்குக் கீழே பெஞ்சுகளும், நிலைக்கண்ணாடிகளும், வாடகைக்குப் புடவைகளும் சவுரிகளும். இந்த வட்டாரம் நாடகத்துக்குப் பேர்போனது. சவறாவுக்கு வடக்கே உள்ள ஓச்சிறையில் பிறந்த வேலுக்குட்டி, குமாரன் ஆசானின் கருணையை மேடையேற்றியபோது வாசவதத்தையாக நடித்துக் கேரளமெங்கும் புகழ் பெற்றவர். நம் பக்கத்தில் ஔவையாராக நடித்த டி. கே. சண்முகத்துக்கு அந்தப் பாத்திரமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த மரபின் கடைக்கொழுந்தாகத் தோன்றிய ஒரு பெரியவரின் பெஞ்சில் என் முறை வந்தது. பல காலம் நாடகக் குழுக்களுக்கு முகம் எழுதியவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் பான்கேக் டப்பாவைத் திறந்தார். எனக்குக் கல்யாணப் பெண் அலங்காரம் வேண்டாம், நாளைக் காலையில் பஸ்ஸில் ஏறினால் எவரும் திரும்பிப் பார்க்காத முகம் வேண்டும் என்றேன். அவர் கையை நிறுத்தி, தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "அதாணு கஷ்டம். நிறையப் போட்டா எல்லாம் மறையும். கொறச்சு போடணும்னா முகத்தைப் பார்க்கணும்."

பிறகு பார்த்தார். என் மோவாயைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பி, கட்டை விரலால் தாடையோரமாகத் தடவி, சவரம் எப்போது செய்தது என்று கேட்டார். மதியம் என்றதும், நல்லது, சருமம் அடங்கியிருக்கும் என்றார். மேலுதட்டிலும் மோவாயிலும் மயிர்க்காலின் நீலம் இன்னும் தெரிந்தது. அதன் மேல் நேரே சதைநிறம் பூசினால் அது சாம்பல் பூத்துக் காட்டும். ஆகையால் முதலில் செம்மஞ்சள் குழம்பை மோதிர விரலால் தொட்டு, தேய்க்காமல், நீலம் உள்ள இடத்தில் மட்டும் ஒற்றி ஒற்றி வைத்தார். நீலத்தைச் செம்மஞ்சள் விழுங்கிற்று. அதன் மேல் என் நிறத்துக்கு ஒரு மாற்றுக் கூட்டியோ குறைத்தோ இல்லாத ஃபவுண்டேஷனை ஈர ஸ்பாஞ்சால் மெல்லியதாகப் பரப்பி, அது உலர்ந்ததும் பவுடரை அழுத்தி, மிகுதியைத் தூரிகையால் தட்டினார். கண்ணில் மையை இட்டு இமையோரமாக விரலால் கலைத்துவிட்டார். கோடாக நின்றால் வேஷம், கலைந்தால் கண் என்று விளக்கினார். உதட்டில் சாயம் இல்லை. வெற்றிலை போட்டுக் கழுவிய பின் நிற்கிற அளவுக்கு ஒரு சிவப்பு மட்டும். கண்ணாடியில் நான் தெரிந்தேன். ஆண் என்றோ பெண் என்றோ உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாத ஒரு முகம், களைப்பும் சந்தோஷமுமாக, என் அம்மாவின் சாயலில்.

நள்ளிரவுக்கு மேல் விளக்குகள் ஏற்றப்பட்டன. செட்டுப் புடவையும் முல்லைச் சரமுமாக, கணவன்மாரும் மாணவர்களும் முதியவர்களும் வீதியோரம் வரிசையாக நிற்க, அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் பக்கத்தில் நின்று கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒரு தாய் தன் வளர்ந்த மகனுக்குக் கழுத்துச் சங்கிலியைக் கொக்கி மாட்டிவிட்டு, இரண்டடி பின்வாங்கி நின்று அவனை மனம் நிறையப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு அடைத்தது. இந்த ஒரு ராத்திரிக்கு மகனைப் பெண்ணாக்கிப் பார்த்து மகிழ்கிற கண்கள், மறுநாள் அவன் மையைக் கழுவாமல் வந்து நின்றால் அதே வாஞ்சையோடு பார்க்குமா என்ற எண்ணம் எழுந்தது. பார்க்க வேண்டும் என்று அந்தத் தேவியின் முன்னால் நானும் விளக்கேந்தி வேண்டிக்கொண்டேன். என்னைச் சுற்றி நின்றவர்களின் அலங்காரம் பூரணமானது, விடிந்ததும் களைந்துவிடுவது. என்னுடையது அரைகுறையாகத் தோன்றலாம். ஆனால் களைய வேண்டியதாக அதில் ஒன்றும் இல்லை. நேரியதைத் தோளில் மடித்துப் போட்டிருந்த அக்கா எனக்குப் பக்கத்தில் தம் விளக்கை நிமிர்த்திப் பிடித்திருந்தார். விடியற்காலையில் தேவியின் எழுந்தருளல் எங்களைக் கடந்து போகும் வரை, எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தபோதும், அவர் கை அசையவில்லை.

மறுநாள் கொல்லத்தில் சின்னக்கடைப் பக்கம் கடைத்தெருவில் திரிந்தோம். "அந்த ஆரஞ்சு என்னமோ தடவினாரே, அது எங்க கிடைக்கும்?" என்று அக்கா கேட்டார். இத்தனை வருஷம் அவர் பவுடரை அப்பியே நீலத்தை மறைத்து வந்தவர். நிறத்தை நிறத்தால் ஆற்றுகிற வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இருந்ததில்லை. ஓர் அலங்காரப் பொருள் கடையில் கரெக்டர் குப்பியை வாங்கி, கடை வாசல் கண்ணாடியிலேயே அவர் தாடையில் நான் ஒற்றிக் காட்டினேன். அவர் இரு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு குப்பி எடுக்கச் சொன்னார், தம் திருநங்கை மகள்களுக்கு.

எனக்கு நான் வாங்கியது அகலக் கசவு வைத்த ஒரு முண்டும், அதற்கு மேல் போட யானைத்தந்த நிறத்தில் கச்சாப் பட்டுத் துணியும். வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அண்ணனாக வேட்டி சட்டையில் நிற்க என்னால் ஆகாது. சொந்தம் அத்தனையும் கூடியிருக்கும் இடத்தில் புடவையோடு நிற்க எனக்கு இன்னும் நாள் பிடிக்கும். முண்டும், அதன் மேல் கணுக்கால் வரை வெட்டுவிட்டுத் தைத்த பட்டுக் குர்த்தாவும், தாத்தாவின் கடுக்கனும் என்று மனத்துக்குள் முடிவு செய்து, ரயிலடியில் இருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, துணியின் நிறத்தையும் கரையின் அகலத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் மிக்சி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதை நிறுத்திவிட்டு, "எல்லாம் சரி, கழுத்துக்கு என்ன போட்டுக்கப் போறே?" என்று அம்மா கேட்டாள்.